பேர் நிக்கலுக்கு, பாடு இரும்புக்கு

நிக்கல் ஹைட்ராக்சைடை மெல்லிய படலமாகப் பூசிய ஒரு மின்முனையைக் காஸ்டிக் பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசலில் இறக்கி, மின்னழுத்தம் கொடுத்து, அதிலிருந்து கிளம்பும் ஆக்சிஜனை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதை அந்தக் கரைசலிலேயே விட்டுவிட்டு நாலைந்து நாள் கழித்து வந்து மறுபடி அளந்தால், அதே மின்னழுத்தத்துக்கு முன்பைவிடக் கூடுதலாக ஆக்சிஜன் வரும். யாரும் எதையும் சேர்க்கவில்லை. ஊறுகாய் போல ஊற ஊறப் பதமாகிறது. நாள்பட நாள்படத் தேய்வதுதான் வினையூக்கிகளின் ஊர்வழக்கம். இது மட்டும் எப்படித் தேறுகிறது?

தண்ணீரிலிருந்து மலிவாக ஹைட்ரஜன் எடுக்க உலோக ஆக்சைடு வினையூக்கிகளை வடிவமைக்கும் துறையில், இந்தச் சின்னக் கேள்விக்குப் பல பத்தாண்டுகள் தப்பான பதில் புழங்கியது. பதில் திருத்தப்பட்ட பிறகு, நிக்கலைப் பற்றி எழுதப்பட்ட ஏராளமான கட்டுரைகளை வேறு கண்ணோடு படிக்க வேண்டியதாயிற்று. அந்தத் திருத்தம் எப்படி வந்தது, அதனால் வடிவமைப்பில் என்ன மாறியது என்பதுதான் இந்த ஆய்வு.

0.1 வோல்ட்டின் விலை

முதலில் பணக் கணக்கு. 25 டிகிரி செல்சியஸில் தண்ணீரைப் பிரிக்கக் கொள்கையளவில் 1.23 வோல்ட் போதும். வெளியிலிருந்து வெப்பம் எதுவும் வாங்காமல் பிரிக்க 1.48 வோல்ட் வேண்டும். ஆலைகளில் ஓடும் மின்னாற்பகுப்புக் கலங்கள் எடுத்துக்கொள்வதோ ஏறக்குறைய 1.8 முதல் 2 வோல்ட் வரை. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 26,600 ஆம்பியர்-மணி மின்னூட்டம் ஓடியே தீர வேண்டும். எந்த வினையூக்கியைப் போட்டாலும் இந்த எண் அசையாது. அசையக்கூடியது வோல்ட் மட்டுமே. 0.1 வோல்ட் குறைத்தால் கிலோவுக்கு சுமார் 2.7 யூனிட் மின்சாரம் மிச்சம்.

கேட்பதற்குச் சிறியதாகத்தான் இருக்கும். 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் இந்திய அரசு ஒப்புதல் கொடுத்த தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் இலக்கு, 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன். அந்த 50 லட்சம் டன்னையும் மின்னாற்பகுப்பில் எடுப்பதாக வைத்துக்கொண்டு 2.7 யூனிட்டால் பெருக்கினால் ஆண்டுக்கு 1,300 கோடி யூனிட்டுக்கு மேல் வருகிறது. ஒரு மின்முனையின் மேல்பூச்சு இவ்வளவு பெரிய தொகையைத் தீர்மானிக்கிறது.

அந்தக் கூடுதல் வோல்ட்டில் பெரும்பங்கை விழுங்குவது ஹைட்ரஜன் பக்கம் அல்ல, ஆக்சிஜன் பக்கம். ஹைட்ரஜன் மூலக்கூறு உருவாக இரண்டு எலெக்ட்ரான் கைமாறினால் போதும். ஆக்சிஜனுக்கு நான்கு. வினையூக்கியின் மேல் ஓர் ஓஹெச் ஒட்ட வேண்டும், அதிலிருந்து ஹைட்ரஜன் கழன்று வெறும் ஓ ஆக வேண்டும், அதன்மேல் இன்னொரு ஓஹெச் வந்து சேர்ந்து ஓஓஹெச் ஆக வேண்டும், அப்புறம்தான் ஆக்சிஜன் விடுபடும். நான்கு படிகள் கொண்ட ஏணி என்று வைத்துக்கொள்வோம். மொத்த உயரம் 4.92 எலெக்ட்ரான்-வோல்ட். நான்கு படியும் சரிசமமாக 1.23 உயரத்தில் இருந்தால் 1.23 வோல்ட்டிலேயே ஏறிவிடலாம். ஆனால் ஓஹெச்சும் ஓஓஹெச்சும் ஒரே மாதிரி, ஓர் ஆக்சிஜன் அணு வழியாகத்தான் உலோகத்தோடு ஒட்டுகின்றன. ஒன்றை இறுக்கிப் பிடிக்கும் பரப்பு மற்றதையும் இறுக்கிப் பிடிக்கும். ஆகவே ஏணியின் நடுவில் உள்ள இரண்டு படிகளின் கூட்டு உயரம் 2.46ஆக இருப்பதற்குப் பதில், எந்த ஆக்சைடை எடுத்தாலும் ஏறத்தாழ 3.2 என்று வந்து நிற்கிறது. அதைச் சரிபாதியாக வெட்டினாலும் ஒவ்வொரு படியும் 1.6. ஏறுகிறவரின் கால் எட்ட வேண்டியது உயரமான படியைத்தானே. அதனால்தான் மிக நல்ல ஆக்சைடுகூட சுமார் 370 மில்லிவோல்ட் மிகையாகக் கேட்கும் என்பது கணினிக் கணக்குகள் சொன்ன முடிவு. இந்தக் கூடுதலுக்கு மிகை மின்னழுத்தம் என்று பெயர்.

அமிலத்தில் ஓடும் கலங்களுக்கு இரிடியம் ஆக்சைடுதான் கதி. உலகம் முழுவதும் ஆண்டுக்குக் கிடைக்கும் இரிடியம் ஏழெட்டு டன் மட்டுமே. அதிலும் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவில் பிளாட்டினம் தோண்டும்போது துணைப்பொருளாக வருவது. விலை ஏறியது என்பதற்காக இரிடியத்துக்கென்று யாரும் தனிச் சுரங்கம் வெட்டப்போவதில்லை. மலிவு உலோகங்களின் ஆக்சைடுகள் அமிலத்தில் கரைந்துபோகும். காரக் கரைசலில் அவை நிற்கும். 2013இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தை மையமாகக் கொண்ட குழு பல வினையூக்கிகளை ஒரே அளவுகோலில் சோதித்தபோது இதே படம்தான் கிடைத்தது: அமிலத்தில் இரிடியம் தவிர மற்றவை தாக்குப்பிடிக்கவில்லை, காரத்தில் மலிவு ஆக்சைடுகள் எல்லாம் சதுர செ.மீ.க்கு 10 மில்லிஆம்பியர் கொடுக்க 350 முதல் 430 மில்லிவோல்ட் வரை கேட்டன. கோபால்ட், நிக்கல், அவற்றின் கலவைகள் என்று வேறு வேறு சாதிச் சரக்குகள் இத்தனை குறுகிய இடைவெளிக்குள் வந்து விழுந்ததை இன்று படிக்கும்போது, இவற்றுக்குள் பொதுவாக யாராவது ஒளிந்திருந்தார்களோ என்று கேட்கத் தோன்றுகிறது. அன்று அப்படிக் கேட்க அவ்வளவாகக் காரணம் இல்லை.

படிகத்தின் மேல் போட்ட பழி

நிக்கல் ஹைட்ராக்சைடுக்கு நான்கு முகங்கள் உண்டு. மின்னேற்றம் இல்லாதபோது ஆல்ஃபா, பீட்டா என இரண்டு. மின்னேற்றியபின் பீட்டா, காமா என இரண்டு. 1960களில் மின்கல ஆராய்ச்சியாளர்கள் வரைந்த இந்தச் சதுரப் படத்தை இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். ஆல்ஃபா ஒழுங்கில்லாதது, அடுக்குகளுக்கிடையே தண்ணீர் நிறைந்தது. காரத்தில் ஊறும்போது அது மெல்ல பீட்டாவாக ஒழுங்குபடுகிறது. ஊறிய மின்முனை நன்றாக வேலை செய்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள், பீட்டா அமைப்புதான் ஆக்சிஜனுக்கு உகந்தது என்று முடிவு கட்டினார்கள். பாடமாகவே அது பரவியது.

2012இல் நிக்கல்-போரேட் படலத்தை ஆராய்ந்த ஒரு குழு நேரெதிராக, காமாவைப் போன்ற அமைப்புதான் சுறுசுறுப்பானது என்று எக்ஸ்-கதிர் அளவீடுகளோடு காட்டியது. அளவீட்டில் குறை இல்லை. படிக அமைப்பு மாறியதும் உண்மை, ஆக்சிஜன் கூடியதும் உண்மை. இரண்டு உண்மைகள் ஒரே நேரத்தில் நடந்தால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று எடுத்துக்கொண்டதில்தான் சறுக்கல். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை ஆய்வகங்களிலும் நடக்கும்.

முன்னமே தெரிந்தவர்கள்

விசித்திரம் என்னவென்றால், பதில் தெரிந்தவர்கள் பக்கத்து அறையில்தான் இருந்தார்கள். காரக் கரைசலில் ஓடும் நிக்கல் மின்கலம் 1900களின் தொடக்கத்திலிருந்தே உண்டு. எடிசன் விற்ற கலத்தில் மறுமுனையே இரும்புதான். நிக்கல் தகட்டில் இரும்பு ஏறிவிட்டால் மின்கலம் சரியாக மின்னேறாது என்பது அந்தத் தொழிலில் புழங்கிய பட்டறிவு. மின்னேற்றும்போது செல்ல வேண்டிய மின்சாரம் ஆக்சிஜனைக் கிளப்புவதில் வீணாகும். அவர்களுக்கு இரும்பு ஒரு நஞ்சு. 1952இல் நிக்கல் ஆக்சைடில் அந்நிய அயனிகளின் விளைவைப் பற்றி டிச்செனர் எழுதியிருக்கிறார்.

1987இல் டென்னிஸ் காரிகன் இதைத் தீர்க்கமாகவே சொன்னார். ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்த அவர், நிக்கல் ஆக்சைடு மென்படலத்தில் ஆக்சிஜனைக் கிளப்புவது இரும்பு மாசுதான் என்றும், 0.01 சதவீத இரும்புகூட விளைவைக் காட்டுகிறது என்றும் வெளியிட்டார். பத்தாயிரம் அணுவுக்கு ஓர் அணு. கரைசலிலிருந்தே படலம் இரும்பை உறிஞ்சிக்கொள்ளும் என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. தலைப்பிலேயே இரும்பு மாசு என்ற சொல் இருந்தது.

அப்படியிருந்தும் அடுத்த கால் நூற்றாண்டு அதைப் பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. மின்கலக்காரர்கள் ஒரு மாநாட்டுக்குப் போகிறார்கள், சூரிய ஒளியிலிருந்து எரிபொருள் எடுக்க முயல்கிறவர்கள் வேறொன்றுக்குப் போகிறார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை. ஒருவருக்கு நஞ்சாக இருந்தது மற்றவருக்கு மருந்து. ஆனால் சீட்டில் எழுதிய பெயர் வேறாக இருந்ததால் கடையில் கேட்கவில்லை.

இதற்குள் இரும்பை வேண்டுமென்றே சேர்த்தவர்களும் இருந்தார்கள். 2012இல் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஷேனன் போட்சரின் குழு, கரைசலைச் சுழற்றிப் பூசிய ஆக்சைடுப் படலங்களை ஒப்பிட்டது. பத்தில் ஒன்பது பங்கு நிக்கல், ஒரு பங்கு இரும்பு கலந்த படலம் 10 மில்லிஆம்பியருக்கு 336 மில்லிவோல்ட்டோடு எல்லாவற்றையும் முந்தியது. 2013இல் ஸ்டான்ஃபோர்டில் ஹோங்ஜீ டாய் குழு நிக்கல்-இரும்பு அடுக்கு இரட்டை ஹைட்ராக்சைடைக் கார்பன் நுண்குழாய்மேல் வளர்த்து இன்னும் நல்ல எண்களைக் காட்டியது. அதே ஆண்டு பெர்க்லியில் லூயியும் அலெக்சிஸ் பெல்லும் நிக்கல்-இரும்புப் படலங்களின் இயல்பை விரிவாக அலசினார்கள். இரும்பைச் சேர்த்தால் நல்லது என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. இரும்பைச் சேர்க்காத நிக்கலிலும் இரும்பு இருக்கிறதா என்பதுதான் கேட்கப்படாமல் கிடந்தது.

குடுவைக்குள் கணக்கு

அந்தக் கேள்வியை ஏன் யாரும் பெரிதாக எடுக்கவில்லை என்பதற்கு ஒரு கைக்கணக்கு போதும். கடையில் வாங்கும் தூய காஸ்டிக் பொட்டாஷில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இரும்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாராளமாகத் தூய்மை என்று சொல்லிவிடலாம், இல்லையா? ஆய்வகத்தில் வழக்கமாகக் கலக்கும் ஒரு மோலார் கரைசலில் லிட்டருக்கு 56 கிராம் பொட்டாஷ். அதில் 56 மைக்ரோகிராம் இரும்பு. இரும்பின் அணு எடையும் ஏறக்குறைய 56தான். ஆகவே லிட்டருக்கு ஒரு மைக்ரோமோல். 50 மில்லி குடுவைக்குள் 50 நானோமோல்.

இப்போது மின்முனையைப் பாருங்கள். சதுர செ.மீ.க்கு 10 மைக்ரோகிராம் நிக்கல் ஹைட்ராக்சைடு பூசியிருக்கிறது. அதை மோல் கணக்கில் மாற்றினால் சுமார் 108 நானோமோல் நிக்கல். கரைசலில் மிதக்கும் இரும்பு அணுக்களின் எண்ணிக்கை, படலத்தில் உள்ள மொத்த நிக்கல் அணுக்களில் கிட்டத்தட்டப் பாதி! கரைசலின் எடையோடு ஒப்பிட்டால் இரும்பு தூசு. படலத்தோடு ஒப்பிட்டால் பாதி ஊர். கண்ணாடிக் குடுவையைக் காரம் அரிக்கும்போது அதிலிருந்து கசியும் இரும்பு தனிக்கணக்கு.

2014இல் அதே ஓரிகன் குழுவின் டிராட்டோசாடும் போட்சரும் அவர்களோடு இன்னும் இருவரும் செய்தது, இந்த இரும்பை அடியோடு துடைத்தெடுத்துவிட்டு நிக்கலைத் தனியாக நிறுத்திப் பார்த்தது. துடைப்பதற்கு அவர்கள் எடுத்த ஆயுதம் நிக்கல் ஹைட்ராக்சைடேதான். முறை எளிது. கண்ணாடி கூடாது, அமிலத்தில் கழுவிய பாலிபுரோப்பிலீன் குழாய். அதில் 99.999 சதவீதத் தூய நிக்கல் நைட்ரேட் 2 கிராமைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, பொட்டாஷ் கரைசல் ஊற்றினால் பச்சை நிறத்தில் நிக்கல் ஹைட்ராக்சைடு வீழ்படிவாகும். சுழற்றிப் பிரித்து, மூன்று முறை கழுவி, அதன்மேல் தூய்மைப்படுத்த வேண்டிய பொட்டாஷ் கரைசலை நிரப்பி நன்றாகக் குலுக்கி, மூன்று மணி நேரமாவது அப்படியே விட வேண்டும். கரைசலில் உள்ள இரும்பையெல்லாம் அந்தப் பச்சைப் படிவு இழுத்துக்கொள்ளும். மேலே தெளிந்து நிற்பதை இறுத்துக்கொண்டால் இரும்பில்லாத கரைசல். எந்தப் பசி இத்தனை நாள் ஏமாற்றியதோ அந்தப் பசியையே சல்லடையாக்கிவிட்டார்கள். முள்ளை முள்ளால் எடுத்த வேலை.

இந்தக் கரைசலில் நிக்கல் படலத்தை இறக்கியதும் ஆக்சிஜன் மின்னோட்டம் படுத்துவிட்டது. ஊறவைத்துப் பார்த்தார்கள். படலம் முறைப்படி பீட்டாவாக ஒழுங்குபட்டது, ஆக்சிஜனோ தேறவில்லை. அதே படலத்தைச் சாதாரணப் பொட்டாஷில் ஊறவைத்தால் பழைய அற்புதம் திரும்பி வந்தது. படிகத்துக்கும் பலனுக்கும் இருந்ததாக நம்பப்பட்ட முடிச்சு அங்கே அவிழ்ந்தது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்துக்கொண்டிருந்திருக்கிறது நிக்கல்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒரு கருவியின் குறை. பரப்பில் என்ன தனிமம் இருக்கிறது என்று பார்க்க எக்ஸ்-கதிர் ஒளிமின் நிறமாலைமானியைத்தான் எல்லோரும் நாடுவார்கள். வழக்கமாக அதில் அலுமினியத்திலிருந்து வரும் எக்ஸ்-கதிரைப் பாய்ச்சுவார்கள். அந்தக் கதிரில் நிக்கல் வெளியிடும் ஆஜே எலெக்ட்ரான்களின் மேடு, இரும்பின் முகடு வர வேண்டிய இடத்தின் மேலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். நிக்கல் நிறைய, இரும்பு கொஞ்சம் என்றால் இரும்பு அடியில் அமுங்கிப்போகும். மக்னீசியக் கதிருக்கு மாற்றினால் ஆஜே மேடு விலகி இரும்பு தலைகாட்டும். மாதிரியில் இரும்பு இருக்கிறதா என்று நேர்மையாகத் தேடியவர்கூட விளக்கை மாற்றாவிட்டால் இல்லை என்றுதான் எழுதியிருப்பார்.

விளக்கு இல்லாமலும் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றி இறக்கும்போது நிக்கல் தன் எலெக்ட்ரானை இழக்கும் இடத்தில் ஒரு முகடு தோன்றும். இரும்பு ஏற ஏற அந்த முகடு உயர் மின்னழுத்தத்தை நோக்கி நகரும். ஒவ்வொரு சுற்றுக்கும் முகடு வலப்பக்கம் ஊர்ந்துகொண்டே ஆக்சிஜனும் கூடுகிறது என்றால், கரைசலிலிருந்து இரும்பு ஏறிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம். இன்று புதிய நிக்கல் வினையூக்கி என்று ஒரு கட்டுரை வந்தால் நான் முதலில் தேடுவது இந்த முகட்டைத்தான். சாதனை எண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கோபால்ட்டிலும் இதே கதை தொடர்ந்தது. அதே ஓரிகன் குழு 2015இல் இரும்பை நீக்கிய கோபால்ட் ஆக்சிஹைட்ராக்சைடை அளந்தபோது, தகுந்த அளவு இரும்பு கலந்த கோபால்ட்டின் உள்ளார்ந்த வேகம் தூய கோபால்ட்டைப் போல் சுமார் 100 மடங்கு என்று தெரிந்தது. காரைக்குடியில் நாம் சிக்ரி என்று கூப்பிடும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆய்வைத் தொடங்கிய செங்கேணி ஆனந்தராஜும் அங்குள்ள சுப்ரதா குண்டுவும், டோக்கியோவில் சுகுரு நோடாவும் சேர்ந்து 2021இல் எழுதிய திறனாய்வு இந்த விளைவுக்கே இரும்பு விளைவு என்று தனிப்பெயர் கொடுத்து, நிக்கல், கோபால்ட் இரண்டிலும் வந்த முடிவுகளைத் திரட்டிப் பார்த்தது.

இரும்பு என்னதான் செய்கிறது

இங்கேதான் சண்டை இன்னும் ஓயவில்லை. 2014 கட்டுரையிலேயே, இரும்பு கலந்தால் படலத்தின் மின்கடத்தல் 30 மடங்குக்கு மேல் கூடுகிறது என்று அளந்திருந்தார்கள். சரி, கம்பி நல்லதானதால் விளக்கு நன்றாக எரிகிறது என்று முடித்துவிடலாமா என்றால், கணக்கு உதைத்தது. ஆக்சிஜன் கூடிய அளவை விளக்க அந்தக் கடத்தல் போதவில்லை. அப்போது அவர்கள் ஊகித்தது, இரும்பு நிக்கலின் எலெக்ட்ரானைக் கொஞ்சம் தன்பக்கம் இழுத்து நிக்கலை உசுப்பிவிடுகிறது என்பது. வேலைக்காரர் நிக்கல், இரும்பு மேஸ்திரி.

2015இல் ஸ்டான்ஃபோர்டின் முடுக்கி ஆய்வகத்தில் ஃப்ரீபெல், பெல் உள்ளிட்டோர், கலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எக்ஸ்-கதிரால் உள்ளே பார்த்தார்கள். நிக்கல் கட்டமைப்பில் மாட்டிக்கொண்ட இரும்பு அணுவைச் சுற்றி ஆக்சிஜன் பிணைப்புகள் வழக்கத்துக்கு மாறாகக் குறுகியிருந்தன. கணக்கிட்டுப் பார்த்ததில் நம் ஏணியின் படிகள் இரும்பின்மேல்தான் கூடுதலாகச் சமமாக அமைந்தன. இரும்புதான் வேலைக்காரர் என்றார்கள். 25 சதவீதத்துக்கு மேல் இரும்பைத் திணித்தால் நிக்கல் கட்டமைப்பு ஏற்றுக்கொள்ளாது. மிச்சம் தனியே இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடாகப் பிரிந்து, மின்சாரத்தைக் கடத்தாத சுமையாகிவிடும் என்பதும் தெளிவானது. நூற்றுக்குப் பத்திலிருந்து இருபத்தைந்து என்று எல்லோரும் கைப்பக்குவத்தில் கண்ட விகிதத்துக்கு இப்படித்தான் விளக்கம் கிடைத்தது.

2017இல் போட்சர் குழு தன் பழைய ஊகத்தைத் தானே திருத்திக்கொண்டது. நிக்கல் படலத்தை இரும்பு உப்புக் கரைசலில் முக்கி எடுத்தால் ஓரங்களிலும் பிளவுகளிலும் மட்டும் இரும்பு ஒட்டும். அப்போது நிக்கலின் முகடு நகரவே இல்லை. ஆக்சிஜன் மட்டும் எகிறியது. நிக்கலின் மின்னியல்பு மாறாமலேயே வேலை நடக்கிறது என்றால் ஓரத்தில் உட்கார்ந்த இரும்புதான் செய்கிறது என்பது அவர்கள் வாதம். ஆனால் அதே 2017இல் ஹார்வர்டில் நோசெரா குழு, இரும்பு வந்ததும் நான்கு நேர்மின்னூட்டம் கொண்ட நிக்கல் பெருகுகிறது, அதுவே முக்கியம் என்று எதிர்ப்பக்கம் நின்றது. இரும்பின் மின்னூட்ட நிலையைக் காமா கதிரால் அறியும் மோஸ்பௌவர் அளவீட்டில் நான்கு நேர்மின்னூட்ட இரும்பைக் கண்ட இன்னொரு குழுவோ, அது வேலை செய்யும் இடம்தான் என்று அடித்துச் சொல்லத் தயங்கியது. என் சாய்வு இரும்பின் பக்கம். முக்கி எடுத்த சோதனைக்கு எதிர்த்தரப்பு திருப்தியான பதில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

போய்ப் போய் வரும் அணு

வடிவமைப்பைப் புரட்டிப்போட்டது, என் கணக்கில், 2020இல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்திலிருந்து வந்த முடிவு. வினையூக்கி நிலைத்து நிற்க வேண்டும் என்றால் அதன் அணுக்கள் கரையாமல் இருக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர்கள் இரும்பின் கனமான ஐசோடோப்பை (எடை மட்டும் கூடிய இரும்பு அணுவை) அடையாளமாக வைத்துப் பின்தொடர்ந்தபோது, ஆக்சிஜன் கிளம்பும் நேரம் முழுக்க இரும்பு படலத்திலிருந்து கரைந்துகொண்டும் கரைசலிலிருந்து திரும்பி வந்து அமர்ந்துகொண்டும் இருந்தது. போகிறதும் வருகிறதும் சமமாக இருக்கும்வரை மின்முனை உறுதியாக நிற்பதுபோல் தெரிகிறது. தூய்மைப்படுத்திய கரைசலில் அதே மின்முனையை ஓட்டினால் போன இரும்புக்குப் பதிலாக வந்து அமர ஆளில்லாமல் மின்முனை சோர்கிறது.

ஆக, கெட்டியான வினையூக்கியைச் செய்வதற்குப் பதிலாக, கரைசலில் சிட்டிகையிலும் சிட்டிகையாக இரும்பை விட்டுவைப்பதும் ஒரு வடிவமைப்புதான். மின்முனையும் கரைசலும் சேர்ந்ததுதான் வினையூக்கி. குளத்து மீனைப் பற்றிப் பேசும்போது தண்ணீரை விட்டுவிட்டுப் பேச முடியாததுபோல.

ஆலைக்குள் போனால்

காரக் கரைசல் மின்னாற்பகுப்பு ஆலைகள் புதியவை அல்ல. நார்வேயின் ருக்கானில் நீர்மின்சாரத்தில் ஓடியது. பஞ்சாபின் நங்கலில் பக்ரா அணை மின்சாரத்தில் உரத்துக்கான ஹைட்ரஜன் எடுத்தார்கள், அதை ஒட்டியே 1962இல் இந்தியாவின் முதல் கனநீர் ஆலையும் வந்தது. இந்த மாதிரிக் கலங்களில் மின்முனை என்பது நிக்கல் முலாம் பூசிய எஃகு. தொட்டி, குழாய், பம்பு என்று சுற்றிலும் இரும்பு. 25 முதல் 30 சதவீதப் பொட்டாஷ், 80 டிகிரி சூடு. இரும்பு கசியாமல் எப்படி இருக்கும்? நிக்கல் மின்முனை என்று பெயரெழுதி ஓட்டியவர்கள் தங்களை அறியாமலே நிக்கல்-இரும்பு மின்முனையைத்தான் ஓட்டியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

ஆய்வக எண்களை அப்படியே ஆலைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. 10 மில்லிஆம்பியர் என்ற அளவுகோல், சுமார் 10 சதவீதத் திறனோடு சூரிய ஒளியில் நேரடியாக ஓடும் கருவியை மனத்தில் வைத்து எடுத்தது. ஆலையில் சதுர செ.மீ.க்கு 200 முதல் 400 மில்லிஆம்பியர் ஓடும். அந்த வேகத்தில் குமிழிகள் கிளம்பிப் பூச்சையே உரித்துக்கொண்டு போகும். தாங்கியாக வைத்த கார்பன் தானே ஆக்சிஜனேற்றம் அடைந்து கரையும். ஆகவே நுண்குழாய்மேல் வளர்த்த அழகான படங்கள் ஆலையில் ஆக்சிஜன் கிளம்பும் நேர்மின்முனைக்கு உதவாது. பஞ்சுபோல் துளைகள் நிறைந்த நிக்கல் நுரையில் பூசிவிட்டு, வெட்டிய துண்டின் நீள அகலத்தை மட்டும் பரப்பாகக் கணக்கிட்டால் எந்தச் சாதனையும் சாத்தியம். உள்ளே மடிந்து கிடக்கும் பரப்பு கணக்கில் வராது. சூரிய மின்சாரத்தில் தினமும் நின்று நின்று ஓடும்போது, நிற்கும் நேரத்தில் மின்னோட்டம் எதிர்த்திசையில் பாய்ந்து பூச்சைச் சிதைக்கும்.

இரும்புக்கென்று தனியாக ஒரு வில்லங்கமும் இருக்கிறது. நேர்மின்முனைக்கு ஊட்டமாகக் கரைசலில் விட்ட இரும்பு எதிர்மின்முனைக்கும் போகும். அங்கே உலோகமாகவே படிந்து, பார்த்துப் பார்த்துச் செய்த நுண்துளை நிக்கல் பரப்பை மூடிக்கொள்ளும். ஆக்சிஜன் பக்கத்தில் சம்பாதித்ததை ஹைட்ரஜன் பக்கத்தில் தொலைக்கலாம். கரைசலில் இரும்பின் அளவை இரண்டு பக்கத்துக்கும் பொருந்துமாறு பிடித்து நிறுத்துவது வேதியியல் வேலை மட்டும் அல்ல, ஆலைப் பராமரிப்பும்.

இப்போது கவனம் எதிர்மின் அயனிகளைக் கடத்தும் சவ்வுக் கலங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. காரத்தின் மலிவு, அமிலக் கலத்தின் கச்சிதம் இரண்டும் சேர்ந்து கிடைக்கும் என்ற நம்பிக்கை. அதிலும் பொட்டாஷே இல்லாமல் வெறும் தூய நீரை ஊட்டி ஓட்டத்தான் ஆசை. அப்படி ஓட்டிப் பார்த்தபோது குடுவையில் முதலிடம் பிடித்த நிக்கல்-இரும்பு பின்தங்கியது; நன்றாக மின்சாரம் கடத்தும் கோபால்ட் ஆக்சைடு முந்தியது. குடுவையில் அடியில் தங்கத் தகடோ நிக்கலோ மின்சாரத்தைச் சுமந்தது. சவ்வின்மேல் தூளாகப் பூசியபோது வினையூக்கியே அதைச் சுமக்க வேண்டியிருக்கிறது. அத்தோடு, கரைந்துபோன இரும்பு அணு திரும்பி வர அங்கே பொட்டாஷ் கரைசல் இல்லை. தூய நீர் அதைச் சுற்றில் அடித்துக்கொண்டு போய்விடுமா, அல்லது சவ்வில் சிக்கிக்கொள்ளுமா என்பதை, 2014இல் செய்தது போலவே, இரும்பை எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.